கோரைக்கு அடியில் இருக்கிற தரை

பொக்லைனை நிறுத்திவிட்டு, அதை ஓட்டுகிறவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "சார், இந்த இடத்துல ஓரடி வெட்டணும்னு படத்துல போட்டிருக்கீங்க. இங்க ஏற்கெனவே தண்ணி நிக்குதே. எதை வெட்ட?"

"இருங்கண்ணே, பாக்கறேன்" என்று டேப்லெட்டைப் பார்த்தேன். சம்பு என்கிற சம்பங்கோரைப் புதரைப் பார்த்தேன். மறுபடி டேப்லெட்டைப் பார்த்தேன். படத்தில் அந்த இடம் மேடு. அவர் பூட்ஸைச் சுற்றியோ கணுக்கால் அளவு தண்ணீர்.

அது வடிகால் வெட்டிக் காயவைத்த ஒரு பழைய சதுப்பு. அதை மறுபடி நனைக்கிற வேலை. வடிகால்களை அங்கங்கே மண்போட்டு அடைக்க வேண்டும், தூர்ந்து மேடாகிப்போன இடங்களைச் சுரண்ட வேண்டும், வருகிற தண்ணீர் ஓடிப்போகாமல் பரவி நிற்க வேண்டும். வரைபடம் என் பொறுப்பு. ட்ரோன் பறக்கவிட்டுப் படங்கள் எடுத்து, அவற்றைக் கோத்துத் தரையின் உயர மாதிரியைச் செய்து கொடுத்திருந்தேன். வாய்க்கால் ஒவ்வொன்றும் தெரிந்தது. டிராக்டர் போன தடம்கூடத் தெரிந்தது. அவ்வளவு துல்லியமான படம் எப்படித் தப்பாகும் என்ற மிதப்பில் இருந்தேன்.

புதருக்குள் கையை விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. போன வருடத்துச் சம்புத் தாள்கள் காய்ந்து மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மெத்தைபோலக் கிடந்தன. கையால் அழுத்தினால் அமுங்குகிறது, விட்டால் எழுகிறது. அதற்குக் கீழே தண்ணீர், அதற்கும் கீழேதான் தரை. என் கேமரா பார்த்தது அந்த மெத்தையை. மென்பொருள் அதைத் தரை என்று எடுத்துக்கொண்டது. நான் அதை நம்பினேன்.

தாவரங்களைக் கழித்துத் தரையை மட்டும் பிரிக்க மென்பொருள்களில் பல வடிகட்டிகள் உண்டு. எனக்குப் பிடித்தது துணி வடிகட்டி. படங்களிலிருந்து கணக்கிட்ட உயரப் புள்ளிகள் எல்லாவற்றையும் தலைகீழாகக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கற்பனைத் துணியைப் போர்த்துவார்கள். கவிழ்த்த பிறகு தரை மேலே இருக்கும், மரம் கீழே தொங்கும். விறைப்பான துணி தரையின்மேல் படிந்து நிற்கும், மரத்தின் குழிக்குள் இறங்காது. துணி எங்கே நிற்கிறதோ அதுதான் தரை. தோப்பிலும் புல்வெளியிலும் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் இலைகளுக்கு நடுவே அங்கங்கே தரை எட்டிப் பார்க்கும். அடர்ந்த சம்பிலும் நாணலிலும் அப்படி எட்டிப் பார்க்க இடமே இல்லை. தரையிலிருந்து ஒரு புள்ளிகூட இல்லாதபோது துணி எதன்மேல் படியும்? மெத்தையின்மேல்தான்.

லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துத் தூரம் அளக்கிற லைடார் கருவியை வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வைத்திருக்கலாம். லேசர் கற்றை கிளைகளுக்கு நடுவே புகுந்து போகும் என்பது உண்மை. காட்டில் அதற்கு ஈடில்லை. ஆனால் நெருங்கி வளர்ந்த கோரை, நாணல், உவர்நிலப் புல் ஆகியவற்றில் லேசரும் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் தரை, உண்மைத் தரையைவிடச் சில பத்து சென்டிமீட்டர் உயரத்தில் மிதக்கும். தண்ணீரில் அதற்கு இன்னொரு சிக்கல்: ட்ரோன்களில் வருகிற வழக்கமான லைடார் அகச்சிவப்புக்கு அருகில் வேலை செய்கிறது, அந்த ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். நீருக்கடியில் பார்க்கப் பச்சை லேசர் வேண்டும். அதுவும் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான். சதுப்புத் தண்ணீர் எப்போது தெளிவாக இருந்திருக்கிறது?

ஓரடிதானே, அதற்கு ஏன் இவ்வளவு அமளி என்று தோன்றலாம். மலைச்சரிவில் சாலை போடுகிறவருக்கு ஓரடி பெரிதில்லை. ஈரநிலத்தில் கதையே வேறு. அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் தரை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான் சரிகிறது. ஒரு கிலோமீட்டர் நடந்தால் கட்டைவிரல் நகத்தின் இரண்டு மடங்கு இறங்குகிறீர்கள். அந்தச் சரிவில்தான் மொத்தத் தண்ணீரும் தெற்கே நகர்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் 30 சென்டிமீட்டர் பிழை என்பது 10 கிலோமீட்டர் தூரத்துக்கான இறக்கத்தைத் தொலைப்பது. சின்ன இடத்திலும் இதே கணக்குதான். ஒரு ஹெக்டேரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர்.

செடிகளுக்கும் அந்த 10 சென்டிமீட்டர் தெரியும். வருடத்தில் எத்தனை நாள் வேர் தண்ணீரில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் கோரை வரும், கொஞ்சம் மேலே புல் வரும், கொஞ்சம் கீழே அல்லி வரும். அலையாத்திக் காடுகளில் இதை மறந்து பட்ட பாடு ஊரறிந்தது. உலகெங்கும் கன்றுகளைக் கொண்டுபோய்த் தாழ்வான சேற்றுத் திட்டில் நட்டு, அவை மூழ்கிச் செத்து, மறுபடி நட்டு, மறுபடி செத்து என்று எத்தனையோ முயற்சிகள் வீணாகின. அமெரிக்கச் சூழலியலாளர் ராபின் லூயிஸ் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்: முதலில் தரையின் உயரத்தையும் அலை வந்துபோகும் போக்கையும் சரிசெய்யுங்கள், விதை தானாக மிதந்து வந்து ஊன்றிக்கொள்ளும். கன்று நடும் விழாவுக்கு வருகிற கூட்டம் மட்டம் பார்க்கிற வேலைக்கு வருவதில்லை. அது தனி வருத்தம், இங்கே வேண்டாம்.

ட்ரோன் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே இடத்தைப் பல கோணங்களில் படமெடுக்கிறது. முன்பின் படங்கள் 80 சதவீதமும் பக்கவாட்டுப் படங்கள் 70 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பறக்கவிடுவோம். மென்பொருள் எல்லாப் படங்களிலும் பொதுவான புள்ளிகளைத் தேடிப் பிடித்து, அவை படத்துக்குப் படம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதிலிருந்து கேமரா நின்ற இடத்தையும் புள்ளியின் உயரத்தையும் சேர்த்தே கணக்கிடும். நம் இரண்டு கண்களும் தூரத்தை அறிவதுபோலத்தான், இங்கே கண்கள் ஆயிரம். ஓர் அங்குல சென்சாரும் 20 மெகாபிக்சலும் உள்ள கேமராவை 100 மீட்டர் உயரத்தில் பறக்கவிட்டால் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 2.7 சென்டிமீட்டர். 60 மீட்டருக்கு இறக்கினால் 1.6.

இந்த எண்ணைத்தான் விற்பனையாளர்கள் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அது கிடைமட்டத்தில் எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்பதற்கான எண். உயரம் எவ்வளவு சரி என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. எனக்கு இது உறைக்க இரண்டு வேலைகள் ஆயின.

முதல் வேலையில் நான் சிக்கியது கிண்ணத்தில். கேமராவை நேராகக் கீழே பார்க்க வைத்து, இணைகோடுகளாக மட்டும் பறந்தால், லென்ஸின் வளைவை மென்பொருள் கொஞ்சம் தவறாகக் கணித்துவிடும். அந்தத் தவறு மொத்த நிலத்தின்மேலும் பரவி, தட்டையான தரையைக் கிண்ணமாகவோ கவிழ்த்த கிண்ணமாகவோ வளைத்துவிடும். படத்தில் ஒரு சுருக்கம்கூட இருக்காது, பார்த்தால் எதுவும் தெரியாது. என் நிலத்தின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வு என்று மாதிரி சொன்னது. ஆஹா, இயற்கையாகவே ஒரு குளம் என்று மகிழ்ந்து, அதை மையமாக வைத்துத் திட்டமே போட்டுவிட்டோம். முதல் மழையில் தண்ணீர் நடுப்பகுதியைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் போய் நின்றது. குளம் என் லென்ஸுக்குள் இருந்தது.

இப்போதெல்லாம் நேர்ப்படங்களோடு, கேமராவை 20, 30 டிகிரி சாய்த்து எடுத்த படங்களையும் கலக்கிறேன். சாய்ந்த பார்வை சேர்ந்தால் லென்ஸ் கணக்குத் தப்பிப்போக அவ்வளவாக இடமிருக்காது. அதற்கு ஒரு பேட்டரி கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், ஜிபிஎஸ்ஸால் உயரம் அளந்த குறிப் பலகைகளைத் தரையில் ஓரங்களில் மட்டுமின்றி நடுவிலும் வைப்பது. சில குறிகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒளித்து வைத்து, கடைசியில் அவற்றை வைத்து மாதிரியைச் சோதிப்பது. சேர்த்த குறிகளை வைத்தே சோதிப்பது, தான் எழுதிய பரீட்சையைத் தானே திருத்துவது.

குறி வைப்பது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். சேற்றில் வைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் பலகை ஒன்றைக் காலையில் வைத்து அளந்தேன். பறந்து முடித்து எடுக்கப்போனால் ஒரு மூலை இரண்டு விரல்கடை புதைந்திருந்தது. ஒருமுறை கொக்கு ஒன்று பலகை நடுவிலேயே நின்றுகொண்டு, 4 படங்களில் குறியை மறைத்தது. ஜிபிஎஸ் கம்பத்தின் கூர்முனையைச் சகதியில் ஊன்றினால் தன் எடைக்கே அது இறங்கும். அளவு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் உயரம் குறைவதைப் பார்க்கலாம். அதனால் கம்பத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை மாட்டியிருக்கிறேன். சேறு எங்கே தொடங்குகிறது என்று முடிவுசெய்வது இன்னும் வேடிக்கை. மேலே கஞ்சிபோல ஒரு படலம், அதற்குக் கீழே தயிர்போல, அதற்கும் கீழே களி. இதில் எது தரை? தண்ணீர் எதன்மேல் நிற்குமோ அதுதான் என்று நான் வைத்துக்கொள்கிறேன். தட்டு எங்கே மெல்ல நிற்கிறதோ அங்கே. ஒரே ஆள், ஒரே தட்டு, ஒரே அழுத்தம். ஆள் மாறினால் தரை மாறும்.

அடுத்தது உயரத்தின் சுழியம். செயற்கைக்கோள் தருகிற உயரம், பூமியைச் சீரான நீள்கோளமாகக் கற்பனை செய்து, அதிலிருந்து அளந்த உயரம். தண்ணீர் அந்தக் கோளத்துக்குக் கட்டுப்படாது, ஈர்ப்புக்குத்தான் கட்டுப்படும். ஈர்ப்பின்படி மட்டமான பரப்பை ஜியாய்டு என்கிறோம். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சிறியதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு அந்தக் கோளத்துக்கு ஏறக்குறைய 106 மீட்டர் கீழே கிடக்கிறது, உலக ஜியாய்டிலேயே அதுதான் ஆழமான பள்ளம். இந்த மாற்றத்தைச் செய்ய மறந்தால் வரைபடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு தப்பும், அதையாவது கண்டுபிடித்துவிடலாம். பாதி வேலையை ஒரு சுழியத்திலும் மீதியை இன்னொரு சுழியத்திலும் செய்தால்தான் வம்பு. ரைன் நதியின்மேல் லாஃபன்பர்க்கில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பாலம் கட்டியபோது இதுதான் நடந்தது. ஒரு நாடு வடகடலை வைத்து உயரம் எண்ணியது, மற்றது மத்தியதரைக் கடலை வைத்து. வித்தியாசம் 27 சென்டிமீட்டர் என்பது இரு தரப்புக்கும் தெரியும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 2003இல் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் 54 சென்டிமீட்டர் இடைவெளி. பொறியாளர்களின் நாடு என்று நாம் சொல்கிற இரண்டு நாடுகள்! என் வேலையில் மதகடியில் நீர்மட்டம் பார்க்க நட்டிருந்த அளவுகோல் பலகையின் சுழியம் எங்கிருந்து எண்ணப்பட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அதை மறுபடி அளந்து என் சுழியத்தோடு கட்டிய பிறகுதான் எதையும் நம்பத் தொடங்கினேன்.

இத்தனையும் சரியாக வந்த பிறகு, தரமான மென்பொருள் ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் பாழாக்கும். தண்ணீர் எப்படி ஓடும் என்று கணக்கிடுவதற்கு முன் 'பள்ளங்களை நிரப்பு' என்றொரு படி வரும். ஆற்றுப் படுகைகளைக் கணக்கிடுபவர்களுக்காக வைத்தது. அவர்களுக்குப் பள்ளம் என்றால் தரவுப் பிழை, தண்ணீர் அங்கே சிக்கிக்கொண்டு கணக்கு நின்றுவிடும். ஆகவே எல்லாக் குழியையும் விளிம்பு வரை மூடிவிடுவார்கள். ஈரநிலத்தை மீட்கிறவனுக்கு அந்தப் பள்ளங்கள்தான் சொத்து. எந்தக் குழி எவ்வளவு பிடிக்கும், எந்த விளிம்பில் வழியும் என்பதற்காகத்தானே இத்தனை பாடும்? நான் நிரப்பாத மாதிரி ஒன்றையும் நிரப்பிய மாதிரி ஒன்றையும் வைத்துக்கொண்டு, இரண்டையும் கழித்துப் பார்ப்பேன். வித்தியாசம் வருகிற இடங்களெல்லாம் தண்ணீர் நிற்கக்கூடிய இடங்கள். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பாதைக்கு அடியில் போகிற குழாய்ப்பாலத்தை மேலிருந்து பார்க்கிற கேமரா அறியாது; மாதிரியில் அந்தப் பாதை அணையாக நிற்கும். நடந்து போய்ப் பார்த்து, ஒவ்வொரு குழாய்க்கும் கணினியில் கையால் வழி வெட்ட வேண்டும்.

குறைகளையே சொல்லிக்கொண்டு போகிறேன். படத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்த நாளும் உண்டு. கோடையின் கடைசியில் எடுத்த படத்தில், வைக்கோல் நிறத்தில் கிடந்த புல்வெளியின் குறுக்கே வளைந்து வளைந்து ஒரு பச்சை நாடா ஓடியது. தரையில் நின்றால் தெரியாது. உயர மாதிரியிலும் அங்கே ஒன்றுமில்லை, தட்டை. பழைய ஓடை அது. மண்மூடிப் பல வருடம் ஆகியும், அடியில் இருந்த நுண்மண் ஈரத்தைப் பிடித்துவைத்து மேலே புல்லைக் காயவிடாமல் வைத்திருந்தது. நேராக வெட்டிய வடிகாலுக்கு முன் தண்ணீர் எந்த வழி போனது என்று அந்த நிலமே காட்டிக்கொடுத்தது.

தண்ணீரை அதன் பழைய வழிக்குத் திருப்புவதில் பெரிய எடுத்துக்காட்டு ஃப்ளோரிடாவின் கிஸிமி ஆறு. 166 கிலோமீட்டர் வளைந்து போன ஆற்றை 1962 முதல் 1971 வரை வெட்டி 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாய் ஆக்கினார்கள். வெள்ளம் அடங்கியது, கரையோரச் சதுப்பும் பறவைகளும் சேர்ந்தே அடங்கின. பிறகு 1999இல் கால்வாயின் ஒரு பகுதியை மண்போட்டு மூடத் தொடங்கி, 2021இல் முடித்தார்கள். வெட்டியதற்கு 9 வருடம், ஒரு பகுதியை மட்டும் மூடியதற்கு 22 வருடம்.

பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கூடு கட்டுகிற காலத்தில் நான் பறப்பதில்லை. மற்ற நாட்களிலும் ட்ரோனைத் தொலைவிலேயே உயர ஏற்றிவிட்டு, உயரம் மாறாமல் கொண்டுபோவேன். நேர் மேலிருந்து இறங்குகிற எதையும் பறவைகள் பருந்தாகத்தான் எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது. 2015இல் பிரான்ஸில் பூநாரை, காட்டு வாத்து, பச்சைக்காலி ஆகியவற்றை வைத்துச் செய்த ஆய்விலும், ட்ரோனின் வேகத்தையும் நிறத்தையும்விட, செங்குத்தாக நெருங்குவதுதான் அவற்றைக் கலைத்தது.

சரி, அந்தச் சம்புப் புதருக்கு வருகிறேன். மெத்தைக்கு அடியில் இருக்கிற தரையை எப்படி எடுப்பது? தட்டு மாட்டிய கம்பத்தோடு இடுப்பளவு சம்புக்குள் நுழைந்து 40 இடங்களில் அளந்தேன். ஒரு முழு நாள். பக்கத்துக்குப் பக்கம் மெத்தையின் கனம் மாறியதால், ஒரே எண்ணை எல்லா இடத்திலும் கழித்துவிடவும் முடியவில்லை.

வழி காட்டியது ஓட்டுநர் கேட்ட கேள்விதான். தண்ணீர் அங்கே நிற்கிறதே என்றார். நான் அதுவரை தண்ணீரை இடைஞ்சலாகத்தான் பார்த்திருந்தேன். அசைகிற, பளபளக்கிற பரப்பில் மென்பொருளுக்குப் பொதுப்புள்ளி கிடைக்காது. மாதிரியில் ஓட்டைகளும் இல்லாத மேடுகளும் வரும். அடி தெரிகிற தெளிந்த தண்ணீரிலும் ஒளி விலகி ஆழம் முக்கால்வாசியாகக் காட்டும். இதெல்லாம் சரி. ஆனால் காற்றில்லாத காலையில் தேங்கி நிற்கிற தண்ணீரின் விளிம்பு என்ன? அது ஒரு கான்டூர், அதாவது ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களை இணைக்கிற கோடு. எந்தக் கருவியும் போட முடியாத அளவுக்கு மட்டமான கான்டூர். கொத்தனார் ட்யூபில் தண்ணீர் ஊற்றி இரண்டு சுவருக்கு மட்டம் பார்ப்பதுபோல, இங்கே சதுப்பு முழுக்க ஒரே ட்யூப். கடலோரச் சேற்றுத்திட்டுகளை அளப்பவர்கள் அலை ஏறி இறங்கும்போது செயற்கைக்கோள் படங்களில் விளிம்பைப் பிடித்து இதைத்தான் வெகுகாலமாகச் செய்து வருகிறார்கள். எனக்குத்தான் தாமதமாகத் தோன்றியது.

அடுத்த மழைக்காலம் முழுக்க, அளவுகோல் பலகையில் மட்டம் 5 சென்டிமீட்டர் ஏறும்போதெல்லாம் பறந்தேன். அகச்சிவப்பு பார்க்கும் கேமரா வைத்தேன். அதில் தண்ணீர் மை கொட்டினதுபோலக் கறுப்பு, செடி பளிச்சென்று வெள்ளை, விளிம்பு கத்தியால் கீறியதுபோல இருக்கும். அடர்ந்த சம்புக்குள் விளிம்பு முழுதும் தெரியாது, ஆனால் தாள்களுக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டு தெரிந்தால்கூடப் போதும்: இந்த மட்டத்தில் தண்ணீர் இதுவரை வந்திருக்கிறது. காற்றடித்த இரண்டு நாட்களின் படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டேன். காற்று தண்ணீரை ஒரு பக்கமாக ஒதுக்கும், மட்டம் மட்டமாக இருக்காது. மிஞ்சியது 7 விளிம்புகள். ஒன்றுக்குள் ஒன்றாக அவை வரையப்பட்டதும், என் பழைய மாதிரியில் மேடாக இருந்த இடம் கண்முன்னே பள்ளமாக இறங்கியது.

திருத்திய படத்தை டேப்லெட்டில் போட்டு ஓட்டுநரிடம் காட்டினேன். வெட்டு அந்தப் புதரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, வரப்புபோல உயர்ந்திருந்த ஒரு பட்டைக்கு மாறியிருந்தது. இறங்கிப் போய்க் காலால் தரையை இரண்டு தட்டு தட்டிவிட்டு வந்தார். "இது காஞ்ச மண்ணு சார், வெட்டலாம்" என்று எந்திரத்தைக் கிளப்பினார்.

வடகிழக்கு மூலையில் மட்டும் இன்னும் ஒரு துண்டு ஒட்டவில்லை. நாணல் ஆளுயரம், 7 விளிம்புகளில் ஒன்றுகூட அதற்குள் தெரியவில்லை. கூடு கட்டத் தொடங்குவதற்கு இன்னும் 3 வாரம் இருக்கிறது. அதற்குள் ஒருநாள் தட்டையும் கம்பத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும்.